இருக்கை காலியா?

வண்டிக்குள் அவர் ஒருவர்தான் இருந்தார். ஆனாலும் இன்ஜினைப் போட்ட மூன்றாவது நொடியில், பக்கத்து இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது.

அலறுகிற மணி இல்லை. இந்த விலையில் வரும் வண்டிகளில் எச்சரிக்கைகூட மரியாதையாகத்தான் பேசும். கண்ணாடிக் கோப்பையைக் கரண்டியால் தொட்டதுபோல ஒரு டிங், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு டிங். முன்பலகையில் சிவப்பாக ஓர் ஆள் உருவம், அதன் மார்புக்குக் குறுக்கே ஒரு கோடு. அவர் திரும்பிப் பார்த்தார். கருஞ்சிவப்புத் தோல் போட்ட ஒடுக்கமான இருக்கை. அதில் அவருடைய பை இல்லை, கைபேசி இல்லை, ஒரு காகிதம்கூட இல்லை. அந்த இருக்கையில் மாட்டியிருந்த பெல்ட்டை, வந்தவுடன் முதல் வேலையாகக் கழற்றிவிட்டதே அவர்தான். யாரும் உட்காராத இருக்கைக்கு எதற்கு பெல்ட் என்று அப்போது லேசாகத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கை நீட்டுவதற்கு முன்னால் இவரை அனுப்புவார்கள். இவர் போய் அடியில் படுத்து, மேலே தட்டி, உள்ளே முகர்ந்து, இருக்கிற குறைகளை எல்லாம் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். புரோக்கர்கள் வைத்த பெயர் குறைக்காரர். "கல்யாணப் பொண்ணக் காட்டினாலும் இந்த ஆளு டார்ச் அடிச்சுத்தான் பாப்பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இன்றைக்கு அவரை அனுப்பியவர் ஒரு பல் டாக்டர். உலகத்திலேயே எழுபத்தைந்து மட்டும் செய்யப்பட்ட மாடல் இது. கியருக்குப் பக்கத்தில் பதித்த சின்ன உலோகத் தகட்டில் 41/75 என்று பொறித்திருந்தது. டாக்டர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. "ரெண்டே சீட்டு, சார். மாமியாரையும் கூட்டிட்டுப் போங்கன்னு யாரும் சொல்ல முடியாது. அதுக்கே பாதி விலை குடுக்கலாம்" என்று போனில் சிரித்தார். "ஆனா நீங்க ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் சாவிய வாங்குவேன்."

குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத கார் அறையில், நீளக் குழல்விளக்குகளின் கீழ் அந்த வண்டி ஈரமான கூழாங்கல்போலக் கிடந்தது. சக்கர விளிம்பில் ஒரு கீறல். பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் குழந்தைகள் ஒட்டும் தங்க நிற நட்சத்திரங்கள், எண்ணிப் பார்த்தார், இருபத்தாறு. 'எடுத்தால் தடம் தெரியும்' என்று எழுதினார். பிறகு வாசனை. புதுத் தோலின் கனத்த வாசனைக்கு அடியில், நன்றாக மூச்சை இழுத்தால் மட்டும் கிடைக்கிற இன்னொன்று. ஊசி போடுமுன் தடவுகிற ஸ்பிரிட். அதனோடு, காய்ச்சல் மருந்தில் கலக்கிற ஆரஞ்சு இனிப்பு.

அப்புறம் இந்த மணி.

இன்ஜினை நிறுத்தினார். மணியும் நின்றது. மறுபடி போட்டார். மூன்று நொடி. டிங்.

பையிலிருந்து ஸ்கேனரை எடுத்து வண்டியில் சொருகினார். வண்டியின் எந்த உறுப்பு என்ன நினைக்கிறது என்று சொல்லும் கருவி அது. பக்கத்து இருக்கைக்கு அடியில் எடை பார்க்கும் பட்டை ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பது பெரியவரா, பிள்ளையா, வெறும் பையா என்று அதை வைத்துத்தான் வண்டி முடிவு செய்யும். திரையில் எண் வந்தது. 3.7.

இருக்கையைத் தட்டினார், அமுக்கினார், அடியில் கை விட்டுத் துழாவினார். நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். 3.3. பேட்டரி சரியாகத்தான் இருந்தது. நிறுத்திப் போட்டார். 2.9. பட்டை தேய்ந்துபோனால் எண் இப்படி வழுக்குவதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் தேய்ந்த பட்டை மேலேயும் போகும், கீழேயும் போகும். இது இறங்க மட்டும்தான் செய்தது.

சோதித்துவிடுவோம் என்று இன்னொரு தடவை இன்ஜினை நிறுத்தி, பொத்தானில் விரலை வைத்தார்.

"போதும் சார்."

படியில் வண்டியை விற்கிற முதலாளி நின்றிருந்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறவர். நாற்பது வயதிருக்கும். சட்டை கசங்காமல் இருந்தது, முகம்தான் யாரோ படுத்து எழுந்த படுக்கைபோல இருந்தது.

"எத்தன தடவ போட்டீங்க?"

"நாலு தடவ. ஏன் சார்?"

"இப்ப எவ்வளவு காட்டுது?"

எது என்று குறைக்காரர் கேட்கவில்லை. "ரெண்டு கிலோ தொள்ளாயிரம்."

முதலாளி கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கைபேசியை எடுத்து ஒரு பட்டியலைத் திறந்து நீட்டினார். தேதி, பக்கத்தில் எண். தேதி, எண். மேலே இருபத்திரண்டில் ஆரம்பித்து இருபது, பதினெட்டு, பதினாறு என்று இறங்கி வந்தது.

"எம் பொண்ணு. ஏழு வயசு. இந்த வண்டின்னா உசுரு. ஆஸ்பத்திரிக்கு இதுல கூட்டிட்டுப் போனாத்தான் வருவேன்னு அடம். ஒவ்வொரு தடவ போய்ட்டு வந்ததும் ஒரு நட்சத்திரம் ஒட்டுவா. வண்டியே எடை காட்டும்னு தெரிஞ்சதும் நானும் ஒரு சின்ன மெஷின் வாங்கிச் சொருகினேன். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிரும்." விரலால் ஒரு வரியைத் தொட்டார். "இது கடைசியாப் போனது. பதினாலு புள்ளி ரெண்டு. திரும்பி வரல."

அதற்குக் கீழேயும் பட்டியல் நீண்டது.

"காரியமெல்லாம் முடிஞ்சு மூணாம் நாள் வண்டிய எடுத்தேன். மணி அடிச்சுது. பாத்தா, பதினாலு." கைபேசியை அணைத்தார். "ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணும்போதும் கொஞ்சம் எறங்குது. சும்மா விட்டா எறங்கல. எனக்கு இது புரியறதுக்கே நாலஞ்சு நாள் ஆயிருச்சு."

"அப்ப ஸ்டார்ட் பண்ணாம இருக்கலாமே?" என்றார் குறைக்காரர். சொன்ன பிறகுதான், தான் இதை நம்பிப் பேசுகிறோம் என்று அவருக்கே உறைத்தது.

"நான் பண்றதில்ல. அவ பண்றா." முதலாளி தலையைத் தூக்கி மேல்மாடியைக் காட்டினார். "எங்க வீட்ல. அவளுக்கு இந்த நம்பரெல்லாம் தெரியாது. மணி அடிச்சா புள்ள இருக்கான்னு அர்த்தம். அவ்வளவுதான் அவளுக்கு. காலையில ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ, பெல்ட்டக் கழட்டிட்டுப் போடுவா. மணி அடிச்சதும் பெல்ட்ட மாட்டி விடுவா. பக்கத்துல கை வச்சுத் தடவிப் பாப்பா, ஒண்ணும் தட்டுப்படாது. ஆனாலும் அரை மணி நேரம் பேசிட்டுத்தான் மேல வருவா. சாவிய ஒளிச்சு வச்சா சோறு தின்ன மாட்டேங்கறா. நீ போய்ப் பாக்கப் பாக்கத்தான் அவ கொறையறான்னு... எப்படி சார் சொல்றது?"

குழல்விளக்கு ஒன்று உறுமியது.

"அதான் விக்கறேன். பூஜ்யம் ஆகட்டும். ஆனா எங்கயாவது, நாங்க பாக்காத எடத்துல ஆகட்டும். ஒரு தடவ பாத்தாச்சு. ரெண்டாந்தடவ அவ தாங்க மாட்டா." முதலாளி எழுந்தார். "டாக்டர் அஞ்சு மணிக்கு வர்றாரு. அந்த ஒரு குறைய மட்டும் எழுதாதீங்க."

குறைக்காரர் பார்த்த குறையை எழுதாமல் விட்டதில்லை. அதற்காக அடி வாங்கியிருக்கிறார். ஆனால் படியில் நின்ற அந்த மனிதரைப் பார்த்தபோது, நிமிர்ந்து 'முடியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. தொழில் கற்றுக்கொடுத்த நடுவழி ஒன்று இருந்தது.

"எழுதாம விட மாட்டேன் சார். சரி பண்ணிட்டு, சரி பண்ணியாச்சுன்னு எழுதறேன். இந்த எடைப் பட்டைக்கு ஒரு வழி இருக்கு. இருக்கைய காலியா வச்சுட்டு ஸ்கேனர்ல ஒரு கேள்விக்கு ஆமான்னு அமுக்கினா, அந்த நேரத்துல அங்க என்ன எடை இருக்கோ அத வண்டி பூஜ்யம்னு எடுத்துக்கும். அப்புறம் மணி அடிக்காது."

"அங்க என்ன இருக்கோ, அது இல்லைன்னு ஆயிரும்."

"வண்டிக்கு, சார். வண்டிக்கு மட்டும்."

முதலாளி அந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு, "பண்ணுங்க. நான் நிக்கல" என்று சொல்லி, சரிவு வழியாக வெளியே வாசலுக்குப் போனார். போகும்போது வண்டியைத் தொடாமல், அதே சமயம் அதற்கு முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் நடந்து போனார்.

குறைக்காரர் டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். சாத்தியதும் வெளியுலகம் நின்றுபோனது. இந்த வண்டிகளின் கதவு அப்படி. தன் மூச்சு கேட்டது. கைக்கடிகாரத்தின் முள் கேட்டது. பிறகு, தோல் இருக்கையில் யாராவது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும்போது எழுகிற அந்த மெல்லிய முறுக்குச் சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை.

தோல் சூட்டுக்கு விரியும். குளிருக்குச் சுருங்கும். இதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆரஞ்சு வாசனை இப்போது மூச்சை இழுக்காமலே வந்தது.

பக்கத்து பெல்ட் அவர் கழற்றிவிட்ட இடத்தில் முழுதாகச் சுருண்டு உள்ளே போகாமல் பாதியில் நிற்பதை அப்போதுதான் கவனித்தார். நாடா எதன் மேலோ படிந்து கிடப்பதுபோல லேசாக வளைந்திருந்தது. விரலால் சுண்டினார். அது மெதுவாக நகர்ந்து, ஏறி, இறங்கி, பிறகு சட்டென்று உள்ளே ஓடியது.

இன்ஜினைப் போடாமல் மின்சாரத்தை மட்டும் விட்டார்; மணி டிங் என்றது, ஸ்கேனர் திரையில் கேள்வி வந்து நின்றது. இருக்கை காலியா? ஆம். இல்லை.

இதே கேள்வியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட படித்ததில்லை. வழக்கமாக விரல் தானாகப் போய்விடும்.

எண்ணைப் பார்த்தார். 2.9. ஒரு தரம் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. என்ன சொல்வது? யாரிடம்?

ஆம் என்று அமுக்கினார்.

0.0.

மணி இல்லை. சிவப்பு உருவம் இல்லை. வாசனை இல்லை. அதுதான் அவரைத் திடுக்கிட வைத்தது. சுத்தமாக, புதுத் தோல் மட்டும்.

மூச்சு விட்டு, ஏட்டை எடுத்து, 'எடைப் பட்டை: சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார்.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது.

முதலாளியின் மனைவி. மெலிந்த கை, ஒரு பக்கம் மட்டும் வாரிய தலை. அந்த அம்மாளின் சாயந்திர நேரம் அது. அவரைப் பார்த்துக் கோபப்படவில்லை. "மணி அடிக்கலையே அண்ணா" என்றார், பால் வரவில்லையே என்று கேட்பதுபோல. "தூங்கிட்டாளா?"

அவர் ஏட்டை மூடினார்.

அந்த அம்மாள் குனிந்தார். எப்போதும்போலத் தடவிப் பார்க்கக் கை நீட்டினார். கை பாதி வழியில் நின்றது. முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல ஏறியது. சந்தோஷம்தான். அதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

"அட" என்றார். "கை படுது."

ஒரு கையை இருக்கையின் முதுகுப் பக்கம் நுழைத்தார். இன்னொன்றை மடிப்பக்கம். தூங்குகிற பிள்ளையைத் தலை இடிக்காமல் வண்டியிலிருந்து எடுக்கிறவர்கள் எப்படி எடுப்பார்களோ, அப்படி.

ஸ்கேனர் குறைக்காரர் மடியில் இருந்தது. எண் மாறியது.

-2.9.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கழித்தல் குறியை அவர் பார்த்ததில்லை. காலி என்று வண்டியை நம்ப வைத்த இடத்திலிருந்து எதையோ எடுத்தாகிவிட்டது. ஸ்கேனரைப் பிடுங்கினார். பைக்குள் திணித்தார். கதவைத் திறந்து வெளியே விழாத குறையாக இறங்கினார்.

சரிவில் செருப்புச் சத்தமும் சிரிப்பும் வந்தன. பல் டாக்டர். பின்னால் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு. மனைவி கார் அறையின் ஓரத்தில், கைகளை மடித்து நிற்பதை முதலாளி பார்த்தார். அழுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"என்ன சார், குறை ஏதாவது?"

"இல்ல" என்றார் குறைக்காரர்.

"நெசமாவா? உங்க வாயால இல்லைன்னு கேக்கறதே பெரிய விஷயம்." டாக்டர் ஏட்டை வாங்கி அக்குளில் செருகிக்கொண்டு டிரைவர் இருக்கையில் நழுவி உட்கார்ந்து, முதலாளியைக் கூப்பிட்டார். "நீங்களும் வாங்க சார், ஒரு சுத்து. எந்தப் பொத்தான் எதுக்குன்னு சொல்லிக் குடுங்க."

முதலாளி தயங்கினார். பிறகு, மகளின் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

இன்ஜின் உறுமியது. அந்த நொடியில் ஓரத்தில் நின்ற அம்மாள் கைகளைக் குனிந்து பார்த்தார். வண்டி சரிவில் ஏறி வெளியே போனது.

"அண்ணா, இவ ரொம்ப எளச்சிருக்கா."

"அம்மா..."

"இப்பத்தான் கொஞ்சம் கனமா இருந்த மாதிரி இருந்துச்சு. உள்ள எடை மெஷின் இருக்கு. நான் ஏறி நிக்கணும், அப்புறம் இவளத் தூக்கிட்டு ஏறணும். கழிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். எப்பவும் அப்படித்தான் பாப்போம்." கிட்ட வந்தார். "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கங்க."

குறைக்காரருக்குக் குழந்தை இல்லை. இருந்த ஒன்று ஒருநாள்கூடத் தங்கவில்லை. அன்றிலிருந்து, சொந்தக்காரர் வீடுகளில் யாராவது பிள்ளையை நீட்டினால், "கையெல்லாம் கிரீஸ்" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். கை சுத்தமாக இருந்தாலும் அதே பதில்தான். அவர் மனைவி மட்டும் அந்தக் கைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இப்போதும் அதைத்தான் சொல்ல நினைத்தார்.

கைகள் தாமாக முன்னால் வந்தன.

முதலில் சூடு. பிறகு நீளம். அதற்கு அவர் தயாராக இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் நீளம். கால்கள் அவர் முழங்கைக்கு அப்பால் தொங்கி, தொடையில் இடித்தன. தலை தோள்பட்டைக் குழியில் வந்து பொருந்தியது. கண்ணுக்கு எதுவும் இல்லை. வெறும் சிமெண்ட் தரை. ஆனால் நீளம் முழுசாக இருந்தது. எடைதான் இல்லை. இரண்டு புத்தகம் அளவு. அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கை அவர் கட்டை விரலைத் தேடிப் பிடித்தது.

அந்த அம்மாள் படியேறி உள்ளே போனார்.

வெளியே, வீட்டைச் சுற்றிய பாதையில், வண்டி நின்றது. டாக்டரின் குரல் கேட்டது. போனில் யாரையோ கூப்பிட்டிருந்தார். "மச்சான், இரு, சத்தத்தக் கேளு. ஸ்டார்ட் ஆகும்போதுதான் அழகே."

உறுமல்.

கையில் இருந்தது குறைந்தது. யாரோ ஒரு புத்தகத்தை உருவியதுபோல.

"டாக்டர்" என்று கத்தினார். கார் அறை அந்தச் சத்தத்தைச் சுவருக்குச் சுவர் அடித்து அவரிடமே திருப்பித் தந்தது.

"கேக்கலையா? சரி, இரு. அணைச்சுட்டு மறுபடி போடறேன்."

உறுமல்.

கீழே வைக்கலாம். எங்கே வைப்பது? தரையிலா? நடக்கலாம் என்று ஓர் அடி எடுத்தார். தோளில் இருந்த தலை, தூக்கத்தில் பயந்த பிள்ளைபோல, கழுத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. நின்றுவிட்டார்.

"இந்தா, உங்க அக்காகிட்டக் குடு, அவளும் கேக்கட்டும்."

உறுமல்.

ஒரு துண்டின் எடை. ஈரத் துண்டுகூட இல்லை.

"இன்னொரு தடவ? சரி."

உறுமல்.

சட்டைத் துணியின் எடை. உறுமல். மூச்சின் எடை.

உறுமல்.

வண்டி நகர்ந்து கேட்டைத் தாண்டித் தெருவில் போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. குழல்விளக்கு மட்டும்.

கைகளில் எதுவும் இல்லை. சூடு இல்லை, நீளம் இல்லை. தோளில் ஒன்றும் இல்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்தது. காலி.

படியில் விளக்கு எரிந்தது. அந்த அம்மாள் இறங்கி வந்தார். முகம் கழுவி, தலையை இரண்டு பக்கமும் வாரியிருந்தார்.

"நாப்பத்தொண்ணு அண்ணா, என் எடை." இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்ப அவளக் குடுங்க."

அவர் கொடுக்கத்தான் நினைத்தார். மடித்த கைகளை விரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எடையே இல்லாத அந்த வெறும் காற்றில், அவர் கட்டை விரலைச் சுற்றி, ஐந்து சின்ன விரல்கள் விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தன.